சாமான் அறைச் சாவி

பள்ளி பேண்டில் ஒரு பிள்ளை மொத்தமாக இருப்பது மூன்று வருடம், மிஞ்சிப் போனால் நாலு. ஏழாவதில் சேர்ப்போம். எட்டாவதும் ஒன்பதாவதும் நல்ல காலம். பத்தாவது வந்ததும் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்: "பப்ளிக் பரீட்சைங்க, இந்த வருசம் மட்டும் வேண்டாமுங்க." பிளஸ் ஒன்னில் திரும்பி வருகிற பிள்ளைகளை நம்பித்தான் முன்பெல்லாம் பேண்ட் ஓடியது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று கொண்டுவந்தபோது அந்த ஒரு வருடமும் போயிற்று. 2025-26இலிருந்து அந்தத் தேர்வு கிடையாது என்று அரசு அறிவித்த அன்று கோயம்புத்தூர்ப் பக்கத்து மதுக்கரையில் வேறு யார் சந்தோஷப்பட்டார்களோ தெரியாது, நான் பட்டேன். பேஸ் டிரம்முக்குத் தோள் அகன்ற ஆள் இன்னும் ஒரு வருடம் கிடைப்பான் அல்லவா.

எனக்கு இசை தெரியாது. குறிச்சி சிட்கோவில் லேத் ஓட்டிப் பிழைத்தவன். வீடு மதுக்கரை மார்க்கெட் பக்கம். மகள் சைடு டிரம் வாசித்தாள். டிரம்மின் தோலை இறுக்கும் ராடு ஒன்றுக்கு மரை தேய்ந்துவிட்டது என்று ஒருநாள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பட்டறையில் கடைந்து கொடுத்தேன். மறுவாரம் பள்ளியிலிருந்து ஒரு பை நிறைய ராடு வந்தது. தன்னார்வத் தொண்டு என்றெல்லாம் யாரும் பேர் வைக்கவில்லை. "அங்கிள், இதையும் கொஞ்சம் பாருங்க" என்றார்கள், பார்த்தேன். மகள் படித்து முடித்து, கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அங்கிள் என்ற பிள்ளைகள் போய், தாத்தா என்கிற பிள்ளைகள் வந்தாயிற்று. சாமான் அறைச் சாவி இன்னும் என்னிடம்தான்.

பேண்ட் போட்டி என்றால் பார்க்கிறவர்களுக்கு மைதானம்தான் தெரியும். இறகு வைத்த தொப்பி, வெள்ளைக் கையுறை, மேஸைச் சுழற்றி வீசிப் பிடிக்கிற டிரம் மேஜர். ஆனால் ஒரு பள்ளியில் பேண்ட் நிலைக்கிறதா, வருடா வருடம் செத்துப் பிழைக்கிறதா என்பது சாமான் அறையில் முடிவாகிற விஷயம். மாஸ்டர் மாறுவார். தலைமையாசிரியர் மாறுவார். பிள்ளைகளோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாறிவிடுகிறார்கள். எந்த டிரம்முக்கு எந்த ராடு சேரும், எந்த டிரம்பட்டின் இரண்டாவது வால்வு மக்கர் பண்ணும், வலப்பக்கம் வளையும்போது உள்பக்கம் நிற்கிற பிள்ளைக்கு எத்தனை அரை எட்டு என்று போன வருடம் முடிவு பண்ணினோம் — இதையெல்லாம் யாராவது ஒருவர் நினைவில் வைத்திருந்தால் ஜூன் மாதம் பாதிக் கிணறு தாண்டிய இடத்திலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜூனிலும் 'லெஃப்ட்... ரைட்'. போட்டிக்கு மூன்று மாதம் முன்பு ஆள் சேர்த்து, மாஸ்டரை வாடகைக்குப் பிடித்துக் கோப்பை வாங்கிய பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அந்தப் பள்ளியின் பெயரே பட்டியலில் இருக்காது.

எங்களுக்கு வாய்த்த மாஸ்டர்கள் பெரும்பாலும் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மதுக்கரையிலேயே ராணுவ முகாம் உண்டு. மலைமேல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் 1950இல் தொடங்கிய ராணுவ இசைப் பிரிவில் படித்து வந்தவர்களிடம் ஒரு தனிக் கண்டிப்பு இருக்கும். அப்படி ஒருவர் முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகளை வாத்தியத்தைத் தொடவே விடமாட்டார். கை தட்டிக்கொண்டே நடக்க விடுவார். இன்னொருவர் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார். கேரளத்தில் 1957இலிருந்து பள்ளிக் கலோத்சவம் நடக்கிறது; அதில் பேண்டும் ஒரு போட்டி. அதனால் வாளையாறு தாண்டினால் பேண்ட் மாஸ்டருக்கு வேலையும் உண்டு, மரியாதையும் உண்டு. நம் பக்கம் 'பேண்ட் செட்' என்றால் கல்யாண ஊர்வலமும் சாவு வீடும்தான் பலருக்கு ஞாபகம் வரும். மகள் அதில் சேர்ந்தபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

சாமான் அறைக்கு வருகிற நோய்கள் மொத்தம் நாலைந்துதான். திரும்பத் திரும்ப அவையே வரும். முதலாவது, டிரம்பட்டில் மௌத்பீஸ் சிக்கிக்கொள்வது. உள்ளங்கையால் ஒரு குத்து குத்தினால் 'டொப்' என்று சத்தம் வருகிறதே என்று பிள்ளைகள் விளையாட்டாகக் குத்துவார்கள். அது சரிவான குழாய்க்குள் இறுகிப்போகும். இடுக்கி போட்டுத் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், வாத்தியம் போச்சு. இரண்டு பக்கமும் திருகாணி வைத்து மெதுவாக நெம்பி எடுக்கிற புல்லர் ஒன்றைப் பட்டறையில் செய்து வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் கடைந்த சாமான்களில் அதிகம் உபயோகப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய். வால்வுக்கென்று தண்ணீர் மாதிரி மெல்லிசாக ஓர் எண்ணெய் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் பிள்ளைகள் தலைக்கு வைக்கிற எண்ணெயை விட்டுவிடுவார்கள். ஐப்பசி வரை ஓடும். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்து, அழுத்திய வால்வு மேலே வராது. அதற்குள் பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். போட்டிகள் வருவதோ கார்த்திகை மார்கழியில்.

அப்புறம் தோல். ஆட்டுத்தோல் கட்டிய டிரம் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கிறது. மழை ஈரத்தில் தொய்ந்துவிடும், அடித்தால் அட்டைப்பெட்டிச் சத்தம் வரும். இப்போதைய பிளாஸ்டிக் தோலுக்கு மழை ஒன்றும் செய்யாது. ஆனால் ராடுகளை ஒரு பக்கமாகவே இறுக்கினால் விளிம்பு கோணி, ஒருநாள் பயிற்சிக்கு நடுவில் கிழியும். எதிரெதிர் ராடாகக் காலே அரைக்கால் சுற்று இறுக்க வேண்டும் என்பதைச் சைடு டிரம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. வாத்தியங்கள் வருவது மீரட்டிலிருந்து. 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரின் ஜாலி கோட்டி பக்கம் தெருத்தெருவாகப் பித்தளை வாத்தியப் பட்டறைகள் என்று மாஸ்டர் சொல்வார். அங்கிருந்து ஒரு ராடு வாங்கி வரவழைப்பதற்குள் போட்டியே முடிந்துவிடும். பட்டறைக்காரன் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர்ப் பள்ளிகளுக்கு ஓர் அதிர்ஷ்டம்.

இனி மைதானம். நான் நிற்கிற இடம் பேஸ் டிரம்முக்குப் பக்கவாட்டில். நல்ல பேண்டா இல்லையா என்பதைப் பேஸ் டிரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 28 அங்குல டிரம்மை நெஞ்சில் மாட்டியவனுக்குத் தன் கால் தெரியாது, முன்னால் நிற்பவனின் முதுகு பாதி தெரியாது. அவன் அடியில்தான் மொத்தக் கூட்டமும் கால் வைக்கிறது. ஆளைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து அவனைத் தேர்ந்தெடுப்பது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பேஸ் டிரம் ஒரு குட்டைப் பெண். பேச்சே வராது. எது நடந்தாலும் அவள் அடி மாறாது. ஒருமுறை பக்கத்து வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்தபோதும் மாறவில்லை. தோள் வலிமையை வார் கட்டிச் சமாளிக்கலாம். அந்த நிதானத்தை எங்கிருந்து வரவழைப்பது?

குயிக் மார்ச் நிமிடத்துக்கு 120 எட்டு. ஓர் எட்டுக்கு அரை நொடி. சத்தம் காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளைகள் ஏன் குழம்புகிறார்கள் என்று புரியும். எங்கள் மைதானத்துக்கு ஐம்பது மீட்டர் தள்ளி மூன்று மாடிக் கட்டடம். டிரம் சத்தம் அதில் மோதித் திரும்பி வர நூறு மீட்டர். நொடியில் கால்பங்குக்கும் கொஞ்சம் கூடுதல். அதாவது அரைத் தட்டு தாண்டி எதிரொலி வந்து விழுகிறது. கட்டடத்தைப் பார்த்து வருகிற வரிசை எதிரொலிக்குக் கால் வைக்கும், பின்வரிசை டிரம்முக்குக் கால் வைக்கும். மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். காதை நம்பாதே, மேஸைப் பார், முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார் என்பதுதான் வழி. பல வருடம் பழகிய ஆசிரியர்கள்கூட இதைப் பிள்ளைகளின் கவனக்குறைவு என்றுதான் நினைக்கிறார்கள். சுதந்திர தினத்துக்கு வ.உ.சி. மைதானம் மாதிரித் திறந்த வெளிக்கு வந்ததும் அதே பிள்ளைகள் சீராகிவிடுவதைப் பார்த்தும் அவர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை.

திறந்த வெளியில் இன்னொரு வில்லங்கம், காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கிறது மதுக்கரை. ஆடி மாதம் மேற்கிலிருந்து வருகிற காற்று பேஸ் டிரம்மைப் பாய் மாதிரி பிடித்துத் தள்ளும். ஆகஸ்ட் 15க்கான பயிற்சியெல்லாம் அந்தக் காற்றில்தான். எதிர்காற்றில் நடக்கும்போது புல்லாங்குழல் பிள்ளைகளுக்கு ஊதுகிற காற்றே வாயை விட்டு ஓடிவிடும். சூடும் அப்படித்தான். வெயில் ஏற ஏறப் பித்தளை வாத்தியத்துக்குள் காற்று சூடாகிச் சுருதி மேலே போகும். லைரா என்கிற தட்டு வாத்தியத்தின் உலோகக் கட்டைகளோ சூட்டில் கொஞ்சம் இறங்கும். காலை எட்டு மணிக்கு ஒத்துப்போன இரண்டும் பதினொன்றரைக்குச் சண்டை போடும். போட்டியில் எங்கள் முறை மதியம் என்று வந்தால், அன்று காலை டிரம்பட்டுகள், லைரா இரண்டையுமே நிழலில் வைக்க வேண்டும் என்று ஒரு மாஸ்டர் யோசனை சொன்னார். அது எவ்வளவு பலன் தந்தது என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஏதோ ரகசிய ஆயுதம் கிடைத்த மாதிரி இருந்தது, அதுவே போதும்.

வாசிக்கிற பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் பெற்றோர் ஒருவர் வந்து, பியூகிளில் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்பார். பியூகிளில் வால்வு கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி ச, க, ப, மேல் ச என்று தாண்டித் தாண்டி வருகிற சுரங்கள்தான் அதில் உண்டு. ரி-யும் ம-வும் கேட்டால் அது எங்கே போகும்? டிரம்பட்டில் எல்லாச் சுரமும் வரும், கமகம் வராது. ஆகவே நம் பாட்டுகளில் பேண்டுக்கு உகந்தது எது என்றால், பேண்டைக் கேட்டுப் பிறந்த பாட்டுகள்தான். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்ட் வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் பண்ணினார். நொட்டுஸ்வரம் என்று இப்போதும் பாட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல் நேர் நேராக இருக்கும். பாட்டு டீச்சர் ஒருவர் சொல்லி எங்கள் பிள்ளைகள் ஒரு நொட்டுஸ்வரம் எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. இருநூறு வருடத்துக்கு முன்னால் பேண்டிலிருந்து போனது, மதுக்கரையில் பேண்டுக்கே திரும்பி வந்தது என்று அந்த டீச்சருக்கு அவ்வளவு பெருமை.

தமிழ்த்தாய் வாழ்த்து வேறு கதை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 நொடியில் பாட வேண்டும் என்றார்கள். மோகனம், ஐந்தே சுரம், டிரம்பட்டுக்குச் சுலபம். ஆனால் நடை திஸ்ரம். மூன்று மூன்றாக வருகிற பாட்டுக்கு இரண்டு காலை வைத்துக்கொண்டு நடப்பது பிள்ளைகளுக்குச் சுலபமில்லை. நின்றுகொண்டு வாசிக்க வேண்டிய பாட்டு அது; நிற்பதுதான் மரியாதையும்கூட. ஆண்டு விழாவில் அதை வாசித்துக்கொண்டே பிள்ளைகள் மேடைக்கு நடந்து வரட்டும் என்று ஒரு நிர்வாகி அடம் பிடித்தார். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் அவரையே நடந்து காட்டச் சொன்னார்.

போட்டி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து, குடியரசு தின விழாவை ஒட்டித் தேசியப் பள்ளி பேண்ட் போட்டி நடத்துகின்றன. மாநில அளவு, மண்டல அளவு, பிறகு டெல்லி. 2025 ஜனவரியில் மேஜர் தியான் சந்த் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 16 அணிகள்: நாலு மண்டலம், நாலு பிரிவு. நடுவர்கள் முப்படையிலிருந்து வருகிறார்கள். அந்த முறை முதல் பரிசு 21,000 ரூபாய். பணத்துக்காக அங்கே யாரும் போவதில்லை என்பது அதிலேயே தெரியும். நாங்கள் டெல்லிக்குப் போனதில்லை. மாநிலப் போட்டியோடு திரும்பியிருக்கிறோம்.

எனக்கு அந்தப் போட்டியின் மேல் ஒரு வருத்தம் உண்டு. தோற்றதால் அல்ல. அந்த நாலு பிரிவுகள் என்னென்ன? ஆண்கள் பிராஸ் பேண்ட், பெண்கள் பிராஸ் பேண்ட், ஆண்கள் பைப் பேண்ட், பெண்கள் பைப் பேண்ட். பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்தது பெரிய நன்மை. 'பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க டிரம்மு' என்ற பேச்சு எங்கள் பக்கம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கொங்கு நாட்டில் கிராமப் பள்ளிகளில் இருப்பது பிராஸும் அல்ல, பைப்பும் அல்ல. நாலு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு ஜோடி சிம்பல், ஒன்றிரண்டு பியூகிள், கொஞ்சம் புல்லாங்குழல். ஒரு யூஃபோனியம் வாங்குகிற காசில் அந்தப் பள்ளி சைடு டிரம் வரிசை முழுவதையும் புதுப்பித்துவிடும். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் எந்தப் பிரிவில் நிற்பார்கள்? இலங்கைப் பள்ளிகளில் மேற்கத்திய பேண்டோடு, தங்கள் ஊர் முழவுகளை வைத்துக் கீழைத்தேய வாத்தியக் குழுவும் நடத்துகிறார்கள். பறையும் ஜமாப்பும் இருக்கிற ஊர் இது. ஐந்தாவதாக ஒரு பிரிவு வைத்தால் டெல்லி ஒன்றும் இடிந்துவிடாது.

நடை விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. வள்ளி கும்மி ஆடுகிற வீட்டுப் பிள்ளைகளை நான் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவேன். பேண்டில் கஷ்டமான வேலை வளைவு: வெளிப்பக்கம் இருப்பவன் நீளமாக எட்டு வைக்க வேண்டும், உள்பக்கம் இருப்பவன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும், வரிசை மட்டும் கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க வாரக்கணக்கில் ஆகும். நூற்றுக்கணக்கான பேரோடு வட்டத்தில் சுற்றிக் கும்மியடித்த பிள்ளை, பக்கத்து ஆளின் தோளை ஓரக்கண்ணால் பார்த்தே சரிசெய்துகொள்ளும்.

பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவின் டிரம் கோர் போட்டிகளைப் போனில் காட்டினான். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்கிற அமைப்பு 1972இலிருந்து சாம்பியன்ஷிப் நடத்துகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், கோடை முழுக்க ஊர் ஊராகப் பயணம், பள்ளிக்கூடத் தரையில் தூக்கம். நூறு மதிப்பெண்ணில் நாற்பது மொத்தத் தோற்றத்துக்கு. நடைக்கும் காட்சிக்கும் முப்பது, இசைக்கு முப்பது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் ஒரு லாரியைக் காட்டினார்கள். உள்ளே முழுச் சமையலறை. பெற்றோரும் பழைய உறுப்பினர்களும் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு நாளைக்கு நாலு வேளை சமைக்கிறார்கள். இன்னொரு பக்கம் உடுப்பு தைக்கிறார்கள். "இதை முதல்லயே காட்டக் கூடாதாடா" என்றேன். அங்கேயும் 22 வயது ஆனால் வெளியேதானாம். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள், அதே லாரி.

எங்கள் லாரி, ஒரு வேனும் இரண்டு தூக்குப் போசியும். போட்டி அன்று பித்தளைப் பிள்ளைகளுக்குப் பாலும் இனிப்பும் கிடையாது, எச்சில் கெட்டியாகும். இட்லி, கொஞ்சம் சட்னி, தண்ணீர். தயிர்ச்சாதம் முடிந்த பிறகுதான். வெள்ளைச் சாயம், ஊசி நூல், சேஃப்டி பின், உதிரி ஸ்நேர் கம்பி, இரண்டு ஜோடி ஷூ லேஸ், புல்லர், மாதவிடாய்க்கான நாப்கின், எல்லாம் ஒரே டப்பாவில். கடைசியாகச் சொன்னது அந்த டப்பாவுக்குள் வந்தது என் மனைவியால். அதுவரை ஆண்கள் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ரயிலில் போனால் பேஸ் டிரம்மை மேல் பெர்த்தில் படுக்க வைத்து, அதற்குரிய பிள்ளை கீழே உட்கார்ந்து வருவான். டிக்கெட் பரிசோதகர் வந்து, இது யார் என்பார்.

பயிற்சி முடிவது மாலை ஐந்தரை. அதற்கு மேல் மாஸ்டர் ஆசைப்பட்டாலும் நான் விடுவதில்லை. மலையடிவாரத்தில் இருக்கிற பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். யானை இறங்குகிற ஊர்.

இப்போது சாமான் அறையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. முன்பு இங்கே டெனார் டிரம் வாசித்தவள், இன்று ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். ராடு கடைவது அவள் வேலையாகிவிட்டது. என்னைவிட மரை சுத்தமாக இருக்கிறது. அவளுக்கும் எனக்கும் தீராத ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. சைடு டிரம்மைத் தோள் வாரில் மாட்டினால் அது தொடையோரம் சாய்ந்து தொங்கும். அந்தச் சாய்வுக்காகத்தான் இடது கைக் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்கிற பழைய பிடி வந்தது. வாரை எடுத்துவிட்டு, இரு தோளிலும் உட்காருகிற ஹார்னஸ் வாங்கலாம் என்கிறாள். டிரம் மட்டமாக நிற்கும், இரண்டு கையும் ஒரே பிடி, 'டாடி-மம்மி' ரோல் பாதி நாளில் வந்துவிடும், முதுகும் கோணாது. எல்லாம் சரி. ஆனால் நடுவர்கள் ராணுவத்திலிருந்து வருகிறவர்கள். வாரில் தொங்குகிற டிரம்மைப் பார்த்தே பழகிய கண் அவர்களுடையது என்கிறேன் நான். "அவங்க ஒரு நாள் பாக்கறாங்க தாத்தா, இவங்க மூணு வருசம் தூக்கறாங்க" என்கிறாள்.

இந்த ஜூனில் எட்டாவது படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஹார்னஸ் போட்டுப் பார்ப்பதாக முடிவு. வாங்கினால் விலை அதிகம். அலுமினியப் பட்டையை வளைத்து அவளே செய்கிறாள். தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைப்பது என் மனைவி. அளவெடுக்கப் பிள்ளைகளைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.